மேகத்துக்குள் சுழலும் பம்பரம்

பம்பரம் விட்டிருக்கிறீர்களா? வேகமாகச் சுற்றும்வரை ஒற்றைக் காலில் நிற்கும். வேகம் குறைந்தால் தலையாட்டும், அப்புறம் சாய்ந்துவிடும். செஸ்னா 172 போன்ற சின்ன விமானங்கள் பலவற்றில், விமானிக்கு எதிரே இருக்கும் கருவிகளுக்குள் இப்படிப் பம்பரங்கள் சுற்றுகின்றன. அவற்றுக்குக் கைரோ என்று பெயர்.

மேகத்துக்குள் புகுந்தால் சுற்றிலும் வெள்ளை. தரை எது, வானம் எது, தெரியாது. விமானம் சாய்ந்து வட்டமடிக்கும்போதும், நேராகத்தான் போகிறோம் என்று நம் உட்காது பொய் சொல்லும். வேகமாகச் சுற்றும்வரை கைரோ பொய் சொல்லாது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அது தன் நிலையிலேயே நிற்கும். அதை வைத்துச் செய்ததுதான் ‘செயற்கைத் தொடுவானம்’ என்ற கருவி. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, தன் இருக்கையை முழுக்க மூடிக்கொண்டு, கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தை மேலே ஏற்றி, பத்திரமாக இறக்கியும் காட்டினார்.

சரி, இந்தப் பம்பரத்துக்குச் சாட்டை எது? காற்று! எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் வேக்குவம் பம்ப், கருவிப் பெட்டியில் உள்ள காற்றை உறிஞ்சுகிறது. நீங்கள் ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவதுபோலத்தான். உடனே வெளிக்காற்று ஃபில்டர் வழியாகப் பாய்ந்து வந்து, கைரோவின் விளிம்பில் மோதிச் சுழற்றுகிறது.

பம்புக்குள் என்ன இருக்கிறது? உங்கள் பென்சிலில் இருக்கிறதே, அந்தக் கிராஃபைட்! அதில் செய்த மெல்லிய தகடுகள் சுற்றிச் சுற்றிக் காற்றைத் தள்ளுகின்றன. பென்சில் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள், வழுக்கும். தகடுகள் தேயும்போது உதிரும் தூளே வழுவழுப்பைத் தருவதால், இதற்கு எண்ணெய் வேண்டாம்.

வேண்டாம் என்பது மட்டுமில்லை, எண்ணெய் பட்டாலே ஆபத்து. எஞ்சினிலிருந்து கசிந்து உள்ளே போனால் தூளோடு குழைந்து பசையாகிவிடும். தகடு சிக்கிக்கொண்டு உடையும். அதனால்தான் எஞ்சினைக் கழுவுமுன் மெக்கானிக் பம்பை இறுக்க மூடிவைக்கிறார். பம்ப் சிக்கினால் எஞ்சினுக்குச் சேதம் வராதபடி, நடுவில் உள்ள சிறு பிளாஸ்டிக் இணைப்பு தானே முறிந்துகொள்ளும். வீட்டில் ஃபியூஸ் போவதுபோல!

இனி ஒரு புதிர். உடைந்த பம்பைக் கழற்றிவிட்டுப் புத்தம் புதியதை மாட்டினார்கள். அதுவும் சீக்கிரமே உடைந்தது. ஏன்?

குற்றவாளி, பம்பையும் கருவிகளையும் இணைக்கும் ரப்பர் குழாய். முதல் பம்ப் உடைந்தபோது கிராஃபைட் துண்டுகள் குழாய்க்குள் பின்னோக்கிப் போய்த் தங்கிவிட்டன. புதிய பம்ப் முதல் வேலையாக அவற்றை உறிஞ்சி விழுங்கியது. பழைய குழாயின் உட்புறம் காய்ந்து உதிர்ந்தாலும் இதே கதைதான். குழாயடியில் தண்ணீர் கசியாமல் சுற்றுவோமே, வெள்ளை டேப், அதைக்கூட இங்கே சுற்றக் கூடாது. அதன் துணுக்கும் உள்ளே போகும். ஆகவே பம்பை மாற்றும்போது குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இறுகிப்போனதை மாற்றிவிட வேண்டும். அடைத்த ஃபில்டரையும்தான். பம்பை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

இவ்வளவு கவனம் எதற்கு? பம்ப் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஆனால் கைரோ சட்டென்று நிற்காது. சில நிமிடங்கள் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, மெதுவாகச் சாயும். மேகத்துக்குள் இருக்கும் விமானி அதை நம்பினால் விமானமும் கூடவே சாய்ந்துவிடும்.

பம்ப் நின்றதைக் காட்டிக்கொடுப்பது ஒரு குட்டி மீட்டர். உறிஞ்சும் வலுவை அது ‘பாதரச அங்குலம்’ என்ற அளவில் காட்டும். இத்தகைய சின்ன விமானத்தை அருகில் பார்க்கும் வாய்ப்பு வந்தால், அந்த மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். பறக்கும்போது அதன் முள் 5-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.