புரத நுரைநீக்கியும் வீட்டுத் துலக்குநீரும்

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கிரானுக்கு வடக்கேயுள்ள கல்குடாக் கரையிற் சென்று நிற்போர், அலை ஒதுக்கிய மணலின்மீது மஞ்சள் படர்ந்த நுரை திரள்திரளாய்க் கிடக்கக் காண்பர். தூய நீரைக் கலக்கினால் எழும் குமிழி கணப்பொழுதில் உடைந்துவிடும். கடல்நுரையோ நெடுநேரம் நிலைக்கின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், கடல்நீரிற் கரைந்துள்ள உயிர்ப்பொருள்களின் சிதைவுகளேயாம். அவற்றுட் சிறந்தது புரதம். புரத மூலக்கூற்றின் ஒருபகுதி நீரை நாடும். மற்றொருபகுதி நீரை வெறுத்து விலகும். ஆகவே அது நீருக்கும் காற்றிற்கும் இடைப்பட்ட எல்லையாகிய குமிழித்தோலிற் சென்று ஒட்டிக்கொண்டு, அக்குமிழியை உடையாது தாங்குகின்றது.

இயற்கை கரையிற் செய்யும் இத்தொழிலையே கண்ணாடித் தொட்டிகளிற் செய்கின்றது, வணிகர் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என வழங்கும் புரத நுரைநீக்கி. இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள முருகைக்கற் பார்களிற் சுழியோடிகள் பிடிக்கும் வண்ணமீன்கள் கொழும்பு வழியாகப் பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அத்தகைய கடல்மீன்களை உப்புநீர்த் தொட்டியில் வளர்ப்போருக்கு இக்கருவி பெரிதும் பயன்படுவது. ஒரு குழாயினுள் நுண்ணிய காற்றுக்குமிழிகள் செலுத்தப்படுகின்றன. மீனின் கழிவும் எஞ்சிய இரையின் சிதைவும் அவற்றில் ஒட்டி நுரையாய் மேலெழுந்து, குறுகிய கழுத்தின் வழியே ஏறி, மேலுள்ள கிண்ணத்தில் வழிகின்றன. அழுக்கு அழுகி நஞ்சாகு முன்னரே நீரிலிருந்து நீங்கிவிடுகின்றது.

பிறவற்றைத் துலக்கும் இக்கருவியைத் துலக்குவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நுரைநீக்கியிற் படியும் அழுக்கு இருவகைப்படும். ஒன்று, கழுத்திலும் கிண்ணத்திலும் படியும் கொழுப்பும் புரதமும் கலந்த வழுவழுப்பான படலம். இது தடித்தால் ஏறிவரும் நுரை அவ்விடத்திலேயே உடைந்து மீண்டும் தொட்டிக்குட் சென்றுவிடும். மற்றையது, நீரேற்றியின் சுழலியிலும் காற்றுப்புகும் துளையிலும் இறுகும் வெண்ணிறப் பொருக்கு. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அது கல்சியங் காபனேற்றாகப் படிவதே இப்பொருக்கு. முருகைக்கல்லும் சிப்பியும் ஆன பொருளும் அதுவே.

இருவகை அழுக்கிற்கு இருவகை மருந்து வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்டிர் நெடுங்காலம் அறிந்த உண்மை. வைகாசியிற் கண்ணகியம்மன் சடங்கு நெருங்கும்போது வீடுகளிற் கலங்களைத் துலக்குவோர், எண்ணெய்ப்பிசுக்கேறிய சட்டிக்குச் சாம்பலையும், களிம்பேறிய பித்தளைக் குத்துவிளக்கிற்குப் பழப்புளியையும் எடுப்பர். சாம்பல் காரம், அது கொழுப்பை வெல்லும். புளி அமிலம், அது களிம்பைக் கரைக்கும். நுரைநீக்கிக்கும் இதுவே நெறி.

கழுத்திற் படியும் படலத்தை இளஞ்சூட்டு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு சில நாட்களுக்கொருமுறை துடைத்தலே போதும். கொதிநீர் ஆகாது, பிளாத்திக்கு வளைந்துவிடும். மதுசாரமும் அசற்றோனும் அக்கிரிலிக்கை வெடிக்கச் செய்யும். சவர்க்காரத்தை நெருங்கவே விடலாகாது. சவர்க்காரமும் புரதத்தைப் போலக் குமிழித்தோலில் ஒட்டும் பொருளாதலின், அதன் எச்சம் சிறிது இருப்பினும் கருவி கட்டின்றி நுரைத்து வழியும். மீனுக்கும் கேடு நேரும்.

வெண்பொருக்கிற்கு ஏற்றது வினாகிரி. கடைகளில் விற்கும் வினாகிரியில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்குவரை அசற்றிக்கமிலம் உண்டு. கள்ளைப் புளிக்கவைத்துப் பெறும் தென்னை வினாகிரியும் இவ்வினத்ததே. முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, கருவியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடல் வேண்டும். ஒரு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு நன்னீர் சேர்த்து, உறுப்புகளை அதில் ஓரிரு மணிநேரம் ஊறவிட்டால், பொருக்கு காபனீரொட்சைட்டைக் குமிழியாக வெளிவிட்டுக் கரையும். இதில் உண்டாகும் கல்சியம் அசற்றேற்று நீரில் எளிதிற் கரைவது. வினாகிரி இல்லாதவிடத்துச் சித்திரிக்கமிலப் பளிங்கை ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்துக் கொள்ளலாம். சிற்றுறுப்புகளுக்கு வடித்த தேசிக்காய்ச் சாறும் உதவும். ஆனாற் பித்தளைக்குச் சிறந்த பழப்புளி இங்கே பொருந்தாது. அதிலுள்ள தாத்தாரிக்கமிலம் கல்சியத்தோடு கூடி, நீரில் அரிதிற் கரையும் வெண்மண்டியாகத் தங்கிவிடும். ஓரிடத்து மருந்து மற்றோரிடத்து மருந்தாகாமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தூரிகைக்கும் அசையாத பழம்படலத்திற்குச் சிலர் வெளிற்றுநீரை நாடுவர். ஒரு பங்கிற்கு இருபது பங்கு நீர் கலந்து, அரைமணி நேரத்துள் எடுத்து, பன்முறை அலசி, வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். சோடியந் தயோசல்பேற்றுக் கரைசலில் இட்டு எடுப்பின் எஞ்சிய குளோரீனும் நீங்கும். வெளிற்றுந்தூளிற் சுண்ணாம்பு கலந்திருத்தலால் அஃது இதற்கு உகந்ததன்று.

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளுக்குக் குளோரீன் இடப்பட்டது. 2011 ஜனவரிப் பெருவெள்ளம் போன்ற வெள்ளங்களின் பின்னரும் கிணற்றிற்கு மருந்திடல் வேண்டியதாகின்றது. ஆதலின் வெளிற்றுந்தூள் இப்பகுதி வீடுகளுக்குப் புதியதன்று. அதனருகிலேயே வினாகிரிப் போத்தலும், ஐதரோகுளோரிக்கமிலம் சேர்ந்த மலகூடத் துலக்கியும் இருத்தல் கூடும். ‘இது நன்று, அதுவும் நன்று, இரண்டையுங் கலப்பின் மிக நன்று’ என எண்ணுதல் மனித இயல்பு. இவ்வெண்ணமே உயிருக்கு உலையாகின்றது. வெளிற்றும் பொருளோடு அமிலம் எதுவாயினும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிப்படும். 1774 இல் சுவீடன் நாட்டு ஷீலே தம் ஆய்வுசாலையிற் கண்டறிந்த அவ்வாயுவே, 1915 ஏப்ரல் 22 இல் பெல்சியத்து ஈப்பர் போர்க்களத்திற் படைவீரரைக் கொன்றது. அது காற்றினும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. எனவே தாழ்ந்த இடத்திலும் காற்றோட்டமற்ற அறையிலும் தேங்கி நிற்கும். வாளியின்மேற் குனிந்து வேலை செய்வோரின் சுவாசத்தையே முதலில் தாக்கும்.

ஆகவே இரண்டையும் கையாள நேரின் ஒரே நாளிற் கையாளாதிருத்தலே அறிவுடைமை. ஒன்றை முடித்து, நன்கு அலசி, உலர்த்தி, மறுநாள் மற்றையதைத் தொடங்குக. வாளியும் வேறாக இருத்தல் நலம். துலக்கிய கருவி ஓரிரு நாள் நுரை குன்றி நிற்பதுண்டு, அது குறையன்று. புதிதாய்த் தூய்மையுற்ற பரப்பிற் பழைய ஒழுங்கு மீள அத்துணைக் காலம் வேண்டும்.

சாம்பலையும் புளியையும் வெவ்வேறு கலத்திற்கு வைத்த நம் முன்னோர் அமிலம், காரம் என்னும் பெயர்களை அறிந்தாரல்லர். எது எதற்குரியது என்பதை அறிந்திருந்தனர். பெயர்களை அறிந்த நாம் அவ்வரம்பை மறவாதிருப்பின், தொட்டியின் மீனும் வீட்டின் மாந்தரும் ஒருங்கே நலமுறுவர்.