தோலின் தரமும் கிணற்றின் நீரும்

அயல்நாட்டார் விதிக்கும் தராதரங்களுக்கும் நமது கிராமத்து ஆட்டுப்பட்டிக்கும் மாட்டுத்தொழுவத்திற்கும் என்ன சம்பந்தம் என்று குடியானவர்கள் கேட்பதுண்டு. தோல் வியாபாரத்தில் நேர்ந்தவற்றைக் கவனித்தால் அந்தச் சம்பந்தம் எவ்வளவு நெருங்கியது என்பது நன்கு விளங்கும். அதில் நமது கால்நடைகளின் விலை மட்டுமன்றி, நமது கிணறுகளின் நீரும் அடங்கியிருக்கிறது.

சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. தோலைப் பதனிடும் முறைகளை ஆராய்வதும், தொழிலுக்கு வேண்டிய ஆட்களைப் பயிற்றுவதும், தோலைச் சோதித்துத் தரம் கூறுவதும் இதன் வேலைகள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளுக்குச் சங்கடம் நேர்ந்தபோதெல்லாம் இந்நிலையத்தின் உதவி பயன்பட்டு வந்திருக்கிறது.

அயல்நாட்டு விதிகள்

பதனிட்ட தோலில் பூஞ்சணம் பிடியாதிருக்கப் பென்டாகுளோரோபினால் என்னும் மருந்தைச் சேர்ப்பது முன்னாளில் வழக்கம். இது உடலுக்குத் தீங்கு செய்வது என்று கண்டு, ஜெர்மனி தேசத்தார் 1989-ம் வருஷ இறுதியில் சட்டம் செய்தனர். ஒரு கிலோ சரக்கில் அம்மருந்து 5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது அவர்கள் வகுத்த எல்லை. ஜெர்மனி நம் தோலை ஏராளமாக வாங்கும் நாடாகையால், நம் வியாபாரிகள் அம்மருந்தைக் கைவிட்டு வேறு மருந்துகளைக் கையாளவும், ஒவ்வொரு சரக்கையும் சோதித்து அனுப்பவும் வேண்டியதாயிற்று. சில வருஷங்களுக்குப்பின், தீங்கு தரும் அமீன்களாகப் பிரியக்கூடிய சில அஸோ சாயங்களையும் ஜெர்மனி தடுத்தது. 2015-ம் வருஷம் மே மாதம் முதல், சருமத்தில் படும் தோல் சாமான்களில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் விதியாயிற்று. இவற்றையெல்லாம் நம் தொழிலாளர் கற்று நிறைவேற்றியே வியாபாரத்தைக் காத்துக்கொண்டனர்.

கிணறுகளின் நிலை

வாங்குபவன் கேட்ட தரம் இவ்வாறு சில வருஷங்களில் வந்து சேர்ந்தது. தோல் சாலையின் கழிவுநீர் எத்தகையதாய் இருக்க வேண்டும் என்ற தரமோ, நீதிமன்றம் வற்புறுத்தும் வரையில் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ம் தேதி தீர்ப்பளித்தது. தோல் சாலைகள் மிகுந்த பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலைய அறிக்கை அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. மாசு செய்தவனே அதன் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன்னரே காக்க வேண்டும் என்பதும் உலக நாடுகள் ஒப்பிய கொள்கைகள். இவை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிமன்றம் விதித்தது. எனினும், பாலாற்றுப் பகுதியில் எஞ்சியோருக்கு நஷ்டஈடு கிடைக்க 2025-ம் வருஷம் ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

உப்பின் கணக்கு

கிணற்றைக் கெடுக்கும் பொருள்களில் மிகுதியானது சாதாரண உப்பே. அது தோல் சாலையில் மட்டும் சேர்வதன்று. தோல் உரிக்கும் இடத்திலேயே சேரத் தொடங்குகிறது. பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு இடுவது வழக்கம். 100 கிலோ தோலுக்கு 40 கிலோ உப்பு என்க. தோலை ஊறவைக்கும்போது இவ்வுப்பில் பெரும்பகுதி நீரில் கரைந்துவிடுகிறது. கழிவுநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஒரு கிலோ உப்பு 476 லிட்டர் நன்னீரை இந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த 40 கிலோவில் பாதியே கரைந்தாலும் 9,500 லிட்டர் நீர் அவ்வாறாகும்.

சாக்கடை நீரிலுள்ள அழுக்கைச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீக்கக்கூடும். உப்பை நீக்குதல் அவ்வளவு எளிதன்று. நுண்சவ்வின் வழியே நீரைச் செலுத்திப் பிரித்தாலும், மிஞ்சிய உப்பு குவியலாய்க் கிடந்து இடத்தை அடைக்கிறது. ஆகையால் உப்பை ஆரம்பத்திலேயே குறைப்பதுதான் சரியான வழி. அடையாறு நிலையத்தார் உப்பைக் குறைத்தும், உப்பில்லாமலும் தோலைக் காக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கின்றனர்.

விவசாயிகள் செய்யத்தக்கவை

1. தோலின் தரம் கால்நடை உயிருடன் இருக்கும்போதே அமைந்துவிடுகிறது. உண்ணிக் கடியும், அம்மைத் தழும்பும், முட்கம்பி கீறிய கோடும், சூட்டுக்குறியும் பதனிட்ட பின்னும் மறையா. உண்ணிகளை அகற்றுக, ஆட்டம்மைக்குத் தடுப்பூசி போடுக, வைத்தியம் என்று தொடையிலும் விலாவிலும் சூடு போடுவதை விடுக.

2. உஷ்ண காலத்தில் தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். செத்த கால்நடையின் தோலானால் தாமதமின்றி உரிக்கச் செய்க. நோயால் செத்ததாயின் முதலில் கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும். அடைப்பான் நோய் என்று ஐயமிருந்தால் உடலைத் தொடவும் அறுக்கவும் கூடாது.

3. கத்தி வெட்டுப்பட்ட தோல் விலை போகாது. உரித்த தோலில் ஒட்டிய சதையையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு உப்பிட்டால் குறைந்த உப்பே போதும். மண் கலந்த உப்பு ஆகாது.

4. மண்டிக்கு அனுப்புமுன் தோலை உதறி, ஒட்டாத உப்பைத் திரட்டுக. அதை வாய்க்காலிலோ புறம்போக்கிலோ கொட்டலாகாது.

கிராம அதிகாரிகளுக்கு

தோல் சாலைகளுக்கு அண்மையிலுள்ள கிராமங்களில் பாசனக் கிணறுகளின் நீரை வருஷத்திற்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், விவசாய இலாகாவின் சோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவைத் தேதியுடன் பதிவு செய்து வைக்கவேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் வகுத்த அளவின்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவான நீர் எப்பயிருக்கும் ஏற்றது. 2,000-க்கு மேற்பட்ட நீரைப் பாய்ச்சுவதில் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். அண்டை அயலில் புதிதாகக் கழிவு கலக்கத் தொடங்கினால் முந்தைய அளவும் பிந்தைய அளவும் கையிலிருப்பதே சாட்சியாகும். அளவு இல்லாத மனுவை ஒதுக்குவது எளிது. இரண்டு மூன்று வருஷத்து அளவுகளுடன் கூடிய மனுவை அவ்வாறு ஒதுக்க இயலாது.

ஜெர்மானிய வியாபாரி தனக்கு வேண்டியதைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவிட்டுக் கேட்டான், அது கிடைத்தது. நாமும் நமது கிணற்று நீரை அவ்வாறே அளவிட்டுக் கேட்கப் பழகவேண்டும். இவ்வாண்டுக் கோடைக்கு முன்பே முதல் சோதனையைச் செய்துகொள்ளுமாறு எல்லாக் கிராமத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம்.