துடைப்பதற்கு முன் வயரைப் பிடுங்குங்கள்

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் நம் அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களுக்குக் குளியல் நடக்கும். வாளியும் பழைய துணியுமாக ஒருவர் வருவார். மேஜை, மானிட்டர், பிரிண்டர் என்று வரிசையாகத் துடைத்துக்கொண்டு வருபவர், அதே ஈரத்துணியால் கீபோர்டையும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போவார். மறுநாள் சந்தனம், குங்குமம், பொரிகடலை. விடுமுறை முடிந்து வந்ததும் புகார்கள் தொடங்கும்: "எண்டர் வேலை செய்யல சார்", "ஸ்பேஸ் தட்டினா ரெண்டு ரெண்டா விழுது". வருஷம் பூராவும் அழுக்கோடு உழைத்த கீபோர்டு, சுத்தம் செய்த மறுநாள் படுத்துவிடுவது இங்கே சகஜம்.

தூசி படிந்தால் விசை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் இறங்கினால் கீபோர்டே போய்விடும். லேப்டாப்பாக இருந்தால் அடியில் இருக்கும் மதர்போர்டும் சேர்ந்து போகலாம். கூடவே வாரண்டியும் போய்விடும் என்பது சர்வீஸ் சென்டரில் போய் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

முதலில் கிருமி விஷயத்தை முடித்துவிடுவோம். 'கழிப்பறையைவிட அசுத்தமானது உங்கள் கீபோர்டு' என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். இந்தக் கதை பரவியதில் 2008-இல் நடந்த ஒரு சோதனைக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனின் 'விச்?' என்ற நுகர்வோர் பத்திரிகை லண்டனில் உள்ள தன் அலுவலகத்திலேயே 33 கீபோர்டுகளைச் சோதித்தது. அவற்றில் நான்கு உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியவை என்று தெரிந்தது. ஒன்றில் மட்டும் கழிப்பறை இருக்கையில் இருந்ததைவிட ஐந்து மடங்கு கிருமிகள். அந்த ஒன்றே ஒன்றுதான் இன்றுவரை உலகத்துக் கீபோர்டுகளுக்கெல்லாம் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கீபோர்டில் இருப்பவை பெரும்பாலும் அவருடைய தோலில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்கள்தாம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல கைகள் மாறும் கீபோர்டு என்றால் கதை வேறு. ஷிப்ட் முறையில் ஓடும் கால் சென்டர், பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டர் போன்ற இடங்களில் ஒருவருடைய சளி இன்னொருவர் விரலுக்கு வர வாய்ப்பு உண்டு. ஆனால் பரிகாரம் எளிது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. பலவகைக் கிருமிநாசினிகளைப் போட்டுத் துடைத்துப் பார்த்தார்கள். எல்லாமே 95 சதவீதத்துக்கு மேல் கிருமிகளை நீக்கின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் சுத்தநீரில் நனைத்த துணியாலும் துடைத்தார்கள். அதுவும் அதே அளவுக்கு நீக்கியது. ஆக, திரவத்தைவிடத் துடைப்புதான் முக்கியம். ஷிப்ட் மாறும்போது லேசாக ஒரு துடைப்பு, சாப்பிட்ட பின் கை கழுவுதல் இரண்டும் இருந்தால் போதும்.

'லேசாக' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கீபோர்டைத் திருகு கழற்றிப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு விசைக்கும் கீழே கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதற்கும் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் அடித்தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும், நடுத்தாளில் ஓட்டைகள். விசையை அழுத்தும்போது அந்த ஓட்டை வழியாக மேல் கோடு கீழ்க் கோட்டைத் தொடுகிறது, திரையில் எழுத்து விழுகிறது. இந்தத் தாள்களுக்கு இடையில் ஒரு சொட்டு நீர் புகுந்தால் அங்கே நிற்காது; இடுக்கு வழியே பரவும். எளிதில் காயவும் காயாது. அந்தக் கோடுகளை அரித்துவிடும். ஒரு விசையில் விட்ட தண்ணீருக்கு ஐந்து விசைகள் சேர்ந்து படுப்பது இதனால்தான்.

சுத்தம் செய்யும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்ப்யூட்டரை அணையுங்கள், கீபோர்டு வயரைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரையும் எடுத்துவிட்டு முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள். மூடி வைத்தால் அது தூங்கத்தான் செய்யும், உள்ளே மின்சாரம் இருக்கும். தனிக் கீபோர்டைக் கவிழ்த்து முதுகில் மெல்லத் தட்டினால் முறுக்குத் தூளும் முடியும் கொட்டும். பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பல்பு இருந்தால் இன்னும் நல்லது. டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று என்றால் டப்பாவை நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்து பீய்ச்சும். அந்தத் திரவம் பலவற்றில் தீப்பற்றக்கூடியது, பூஜை அறை விளக்கருகே வேண்டாம்.

பிறகு துணி. மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் விட்டு, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு வைத்துக்கொண்டு விசைகளின் தலையை மட்டும் துடையுங்கள். திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும். கீபோர்டின் மேல் நேராக அடிக்கவே கூடாது. இடுக்குகளுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஹேண்ட் சானிடைசர் ஜெல் பிசுபிசுப்பை விட்டுப் போகும், அதில் இன்னும் தூசி ஒட்டும். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு வைத்திருக்கும் டிடிபி சென்டர்காரர்கள் ஆல்கஹாலை ஸ்டிக்கர் ஓரத்தில் படவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசை இளகினால் 'க' நகர்ந்து 'ப' மேல் ஏறிவிடும்.

விசையைப் பிடுங்கிக் கழுவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் தாராளமாக. அதற்கென்றே கம்பிக் கொக்கி விற்கிறார்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், கழற்றிய விசைகளைச் சோப்பு நீரில் போட்டு அலசி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பொருத்துங்கள். லேப்டாப் விசைகளில் கை வைக்காதீர்கள். அவற்றின் அடியில் கத்தரிக்கோல் வடிவில் நகக்கண் அளவுப் பிளாஸ்டிக் கீல் இருக்கிறது. அது உடைந்தால் தனியாகக் கிடைப்பது அபூர்வம்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பவர்கள் மானிட்டரின் முதுகில் வையுங்கள், லேப்டாப் என்றால் மூடியின் மேல். குங்குமம் விசை இடுக்கில் விழுந்தால் அடுத்த பூஜை வரை அங்கேயே இருக்கும். எறும்பு புகுந்துவிட்டது என்று கீபோர்டில் பூச்சி மருந்து அடிப்பது அதைவிட மோசம். பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, லேப்டாப்பை அந்த மேஜையிலிருந்து இரண்டு நாள் தள்ளி வைத்தால் எறும்பு தானாகப் போய்விடும்.

டீ கொட்டிவிட்டால்

கையில் இருப்பது சில நொடிகள். லேப்டாப் என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள், 'சேவ்' செய்ய நினைக்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். கூரை மாதிரி கவிழ்த்து, கீபோர்டு பக்கம் கீழே பார்க்க வைத்து வடிய விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டையும் வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, மாவும் தூசியும் உள்ளே போவதுதான் மிச்சம். மின்விசிறிக் காற்றே மேல்.

வெறும் தண்ணீர் காய்ந்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பாலும் சர்க்கரையும் கலந்த டீ, காபி, கூல் டிரிங்க் அப்படியில்லை. நீர் காய்ந்த பிறகும் பிசுக்கு உள்ளேயே தங்கி அரித்துக்கொண்டிருக்கும். 'ஆன் பண்ணினேன், வேலை செய்யுது' என்று நிம்மதியானவர்களின் லேப்டாப் மூன்று வாரம் கழித்து நின்றுபோவது இப்படித்தான். இனிப்புப் பானம் கொட்டினால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

சிலிக்கான் உறை போட்டால் தொல்லை இல்லையே என்றால், பாதி சரி. சாதாரண கீபோர்டுக்கு அது நல்ல யோசனை. லேப்டாப்பில் உறையோடு மூடியை அழுத்தினால் திரைக்கு ஆபத்து. மூடும் முன் உறையை எடுத்துவிடும்படி ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

வாரண்டி யார் பக்கம்?

பொதுவாக ஓராண்டு வாரண்டியில் கீபோர்டும் அடங்கும். திரவம் புகுந்த சேதம் அடங்காது. அதற்கு 'ஆக்சிடென்டல் டேமேஜ்' என்ற தனிக் காப்பை வாங்கும்போதோ, வாங்கிய சில நாட்களுக்குள்ளோ காசு கொடுத்து எடுத்திருக்க வேண்டும். கடைக்காரர் 'எல்லாம் கவர் ஆகும்' என்று சொன்னால், எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

சிக்கல் வருவது இங்கேதான். நீங்கள் எதையும் கொட்டவில்லை. விசை வேலை செய்யவில்லை என்று கொடுத்தீர்கள். 'லிக்விட் டேமேஜ்' என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். பல லேப்டாப்களுக்குள் திரவம் பட்டால் நிறம் மாறும் சிறு ஸ்டிக்கர் இருக்கும். அதன் படத்தையும், கறை எங்கே இருக்கிறது என்று காட்டும் படத்தையும் கேளுங்கள். மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போதே வெளித்தோற்றத்தை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து, 'ஜாப் ஷீட்' நகலில் நிலைமையைக் குறிக்க வைத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். உண்மையிலேயே கொட்டியிருந்தால் மறைக்காதீர்கள். திறந்த ஐந்தாவது நிமிடத்தில் டெக்னீஷியனுக்குச் சர்க்கரைப் பிசுக்கு தெரிந்துவிடும், வழக்கு நிற்காது.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தால், முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசித் தீர்த்து வைக்க முயல்வார்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, டெல்லியில் இருக்கிறது என்று அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இணையம் வழியாகவும் கொடுக்கலாம். பில், ஜாப் ஷீட், எழுத்து மறுப்பு, படங்கள் ஆகியவைதான் அங்கே பேசும்.

'நீங்கதான் தூசியில வெச்சிருந்தீங்க' என்ற பதிலை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். 2015-இல் ஆப்பிள் தன் 12 அங்குல மேக்புக்கில் 'பட்டர்ஃபிளை' என்ற மெல்லிய விசை அமைப்பைக் கொண்டுவந்தது. சின்னத் துகள் புகுந்தாலே விசை சிக்கிக்கொள்கிறது, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுகிறது என்று வாடிக்கையாளர்கள் குமுறினார்கள். 2018 ஜூனில், வாங்கி 4 ஆண்டுகள் வரை இலவசமாகப் பழுது பார்க்கும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 5 கோடி டாலர் தர 2022-இல் சம்மதித்தது. வீட்டில் இருக்கும் சாதாரணத் தூசியைத் தாங்காத கீபோர்டு என்றால் அது வடிவமைப்பின் குறை. நம் சட்டமும் தரத்தில் உள்ள குறையைக் 'குறைபாடு' என்றுதான் வரையறுக்கிறது.

அலுவலகக் கீபோர்டில் காபி கொட்டியதற்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா? 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. சேதம் ஊழியரின் அலட்சியத்தால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். நட்டத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. எட்டு வருஷப் பழைய கீபோர்டுக்குப் புதுக் கீபோர்டின் விலையைப் பிடிப்பதைக் கேள்வி கேட்கலாம்.

வாரண்டி முடிந்தவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ உள்ளூர்க் கடைக்கோ போவீர்கள். விலை பேசும் முன் ஒன்று கேளுங்கள்: கீபோர்டு மட்டும் தனியாக வருமா, மேல் பாகத்தோடு சேர்த்தா? புதிய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டை மேல் தகட்டோடு அறைந்துவிடுகிறார்கள். மொத்தமாக மாற்றினால் செலவு பல மடங்காகும். புதிதாக வாங்குபவர்கள் இதை வாங்கும்போதே விசாரிப்பது நல்லது. பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்காதீர்கள். கீபோர்டு வேலை செய்கிறதா என்று பார்க்க 'கெஸ்ட்' கணக்கு போதும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் உண்மையிலேயே மாற்றினார்களா என்பது தெரியும். அதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வயர்லெஸ் கீபோர்டு என்றால் முதலில் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.