பெர்மிட் முதலாளி கையில், தண்டனை தொழிலாளிக்கு

மலேசியாவில் அனுமதியின்றித் தங்கியிருப்போருக்கான ‘தாயகம் திரும்பும் திட்டம் 2.0’ 2026 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முடிகிறது. தேதி நெருங்க நெருங்க, இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். பணம் கட்டினால் குற்றம் தீர்ந்துவிடுமா, இது பொதுமன்னிப்பா, தேதி தாண்டினால் பிரம்படியா? விசா, பெர்மிட் பற்றிய பாலபாடத்தை விட்டுவிடுகிறேன். பிள்ளையை அங்கே அனுப்பிவைத்த வீடுகளுக்கு அது மனப்பாடம். 2025 மே 19-இல் தொடங்கிய திட்டத்தின் கணக்கு எளிது. அனுமதியின்றி நுழைந்தவரும் காலம் கடந்து தங்கியவரும் 500 ரிங்கிட் கட்ட வேண்டும். பாஸின் நிபந்தனையை மீறியவருக்கு 300. அதோடு சிறப்புப் பாஸுக்கு 20 ரிங்கிட், செல்லுபடியாகும் பயண ஆவணம், ஊர் திரும்ப டிக்கெட். அதிகாரிகள் இதைச் சலுகை என்கிறார்கள். அப்படியே நம்ப வேண்டியதில்லை. வழக்குப் போடாமல் கவுன்டரிலேயே வசூலிக்கும் அபராதம் இது. அங்கே ‘கம்பவுண்ட்’ என்பார்கள். மன்னிப்புக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை.

கவுன்டரில் 500 ரிங்கிட்டுக்கு முடிகிற இதே குற்றம் நீதிமன்றத்துக்குப் போனால் விலை வேறு. மலேசியாவின் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி, அனுமதியின்றி நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி. காலம் கடந்து தங்கியவருக்கு 15(4) பிரிவு: சிறை அதே ஐந்தாண்டு வரைதான், பிரம்படி கிடையாது, ஆனால் அபராதம் குறைந்தது 10,000. திருட்டுப் படகில் வந்தவருக்கு எது உச்சவரம்போ, முறைப்படி விமானத்தில் வந்து பெர்மிட் காலாவதியானவருக்கு அதுவே தொடக்கம். மாதக் குறைந்தபட்சக் கூலி 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில் 10,000 என்பது ஏறத்தாழ ஆறு மாதச் சம்பளம். கவுன்டர் விலையோ ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே செயலுக்கு இப்படி இருபது மடங்கு வித்தியாசத்தில் இரண்டு விலை வைத்துவிட்டு, எந்த விலை என்பதை நாட்காட்டி முடிவு செய்யட்டும் என்று விட்டால், அதைத் தண்டனைக் கொள்கை என்று சொல்வது கடினம்.

இது முதல் தடவையும் இல்லை. 2011-இல் 6பி திட்டம், 2014-இல் 3+1, 2016-இல் மறுநியமனத் திட்டம், 2019-இல் ‘பேக் ஃபார் குட்’, 2020-இலும் 2023-இலும் மறுசீரமைப்பு, 2024-இல் தாயகம் திரும்பும் திட்டத்தின் முதல் பதிப்பு, இப்போது இரண்டாம் பதிப்பு. சில திட்டங்கள் ஆளை ஊருக்கு அனுப்பின, சில அவரையே மறுபடி சட்டத்துக்குள் இழுத்துக்கொண்டன. ஒவ்வொன்றின் முடிவிலும் இதுதான் கடைசி வாய்ப்பு என்ற எச்சரிக்கையும், அதன்பின் சோதனை நடவடிக்கைகளும் வந்தன. 2019-இல் மட்டும் 1,90,000-க்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். ஆனாலும் மறு ஆண்டே அடுத்த திட்டம் தேவைப்பட்டது. பயமுறுத்தலுக்குப் பலன் இருந்திருந்தால் இந்த வரிசை இவ்வளவு நீண்டிருக்காது. இதற்குக் காரணம் தண்டனை போதவில்லை என்பதல்ல, யார் மேல் விழ வேண்டுமோ அவர் மேல் விழவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சட்டத்துக்கு உட்பட்ட ஒரு தொழிலாளி எப்படிச் சட்டவிரோதியாகிறார் என்று பார்த்தால் இது விளங்கும். வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கொடுக்கப்படும் தற்காலிக வேலைப் பாஸ் ஒரு முதலாளிக்கும் ஒரு துறைக்கும் கட்டுப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க விண்ணப்பிப்பவர் முதலாளி. தொழிற்சாலை, கட்டுமானம், சேவைத் துறைகளில் ஆளுக்கு 1,850 ரிங்கிட், தோட்டத்தில் 640 ரிங்கிட் என்று ‘லெவி’ எனும் அரசுக் கட்டணத்தைக் கட்டுபவரும் அவரே. பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் அவருடைய மேசை டிராயரில். அவர் மறந்தாலோ, லெவிக் காசை மிச்சம் பிடித்தாலோ, கம்பெனியே நொடித்துப் போனாலோ, பாஸ் காலாவதியாகும் நள்ளிரவில் குற்றவாளியாவது தொழிலாளி. அவரால் தானாகப் போய்ப் புதுப்பிக்க முடியாது. சம்பளம் தரவில்லை என்று வேறு கடைக்குப் போனாலும் குற்றம். ‘ஆள் ஓடிவிட்டார்’ என்று முதலாளி புகார் கொடுத்துவிட்டால் அன்றோடு அவருடைய சட்டபூர்வ வாழ்வு முடிந்தது. வீட்டுச் சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு, கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்று இன்னொருவரை அடிப்பது போன்ற ஏற்பாடு இது. முதலில் இதை நிர்வாகக் கோளாறு என்றே நினைக்கத் தோன்றும். முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரு கோளாறு ஒரே பக்கம் சாய்ந்து யாரோ ஒருவருக்கே லாபம் தந்தால், அதைக் கோளாறு என்று சொல்வது அரசுக்குச் செய்யும் மரியாதை மட்டுமே.

முறையிட வழியே இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர் துறையில் வழக்குப் போடலாம். ஆனால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் பாஸும் கூடவே போய்விடும். வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கச் சிறப்புப் பாஸ் எடுக்க வேண்டும்; மாதம் 100 ரிங்கிட், கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. சம்பளம் வராததால் வழக்குப் போட்டவர், சம்பளமே இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, பாஸுக்கும் பணம் கட்டி நீதிக்குக் காத்திருக்க வேண்டும். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாமல் இன்னொரு கடையில் பாத்திரம் கழுவப் போகிறவர் சட்டத்தைத் துச்சமாக நினைப்பதால் போவதில்லை. சட்டப்படி நடந்தால் கட்டுப்படியாகாது என்பதால் போகிறார்.

2023 டிசம்பர் 20-ஆம் தேதி ஜொகூர் மாநிலத்தின் பெங்கேராங்கில் நடந்தது இதற்குச் சாட்சி. முறையாக அழைத்து வரப்பட்டும் வேலை தரப்படாத 171 வங்கதேசத் தொழிலாளர்கள், ஏஜென்ட் மேல் புகார் கொடுக்கத் தங்குமிடத்திலிருந்து போலீஸ் நிலையத்துக்கு நடந்து போனார்கள். வழியிலேயே பிடித்து வைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு தொழிலாளர் துறை விசாரணையில் 733 பேருக்கு 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் சம்பளப் பாக்கி தர, அவர்களை வரவழைத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. கைது முதல் நாளே நடந்தது. பாக்கி, செய்தி நாடெங்கும் பரவியபின், வாரங்கள் கழித்து. புகார் கொடுக்கப் போகிறவரைப் பிடிக்கும் நாட்டில் அடுத்த ஆள் புகார் கொடுக்கப் போவாரா, மறைந்து வாழப் போவாரா?

முதலாளிகளைச் சட்டம் அடியோடு விட்டுவிட்டது என்று சொன்னால் அது பொய். 55B பிரிவின்படி, செல்லுபடியாகும் பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. ஐந்து பேருக்கு மேல் போனால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு சிறையும் பிரம்படியும்கூட உண்டு. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி தனிக் குற்றம். எழுத்தில் இதைவிடக் கடுமை வேண்டாம். ஆனால் சோதனை நடக்கும் இடத்தில் பேப்பர் இல்லாமல் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் குற்றவாளி, அவரே சாட்சியம். முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கக் கணக்குப் புத்தகம், துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று தோண்ட வேண்டும். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய தொழிலாளி அதற்குள் விமானம் ஏற்றப்பட்டிருப்பார். எளிதில் கிடைப்பவரைத் தண்டிப்பதும், தேடிப் பிடிக்க வேண்டியவரை எச்சரித்து விடுவதும் காவல் இலாகாக்களின் பழைய பழக்கம், மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல.

பிரம்படிக்கு வருவோம். அதை இந்தக் குற்றத்துக்குச் சேர்த்தது 2002-ஆம் ஆண்டின் திருத்தம். 2002 முதல் 2008 வரை குடிநுழைவுக் குற்றங்களுக்காகப் பிரம்படி வாங்கிய வெளிநாட்டவர் 34,923 பேர் என்று 2009-இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அவ்வளவு பேர் அடி வாங்கிப் பத்தாண்டு கழித்து உலக வங்கி போட்ட மதிப்பீட்டில், ஆவணமின்றி வேலை செய்வோர் 12 முதல் 15 லட்சம் பேர். இடையில் பெரிய வெளியேற்றம் நடந்தபோதெல்லாம் கட்டுமானத்திலும் தோட்டங்களிலும் ஆள் இல்லை என்று கூக்குரல் எழுந்தது, கதவு மறுபடி திறந்தது. பிரம்பு இல்லாமலிருந்தால் இன்னும் அதிகம் பேர் வந்திருப்பார்கள் என்று வாதிடலாம். அதை யாரும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் பிரம்பு விழுவது எல்லை தாண்டி வந்தவர் மேல். பெர்மிட் காலாவதியாகிச் சட்டவிரோதியானவருக்கு அது கிடையாது என்பதால், மேலே சொன்ன ஓட்டையை அது தொடவே இல்லை.

‘சிங்கப்பூரைப் பாருங்கள்’ என்பது அடுத்த மறுப்பு, கனமான மறுப்பும்கூட. அங்கே 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கினால் சிறையும் குறைந்தது மூன்று பிரம்படியும் உண்டு. ஆவணமில்லாத் தொழிலாளர் கூட்டமும் மலேசியா அளவுக்கு இல்லை. பிரம்பால்தான் இது என்று முடிவுகட்டுமுன் மற்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் அங்குள்ள முதலாளி 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். தன் பொறுப்பை மீறினால் அதை இழக்க நேரிடும். மலேசியாவிலும் பிணைத்தொகை உண்டு, ஆனால் அளவில் அதற்குப் பக்கத்தில்கூட வராது. சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் தளம் போன்ற துறைகளில் பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேறு முதலாளிக்கு மாறலாம். நாட்டுக்குள் வரும் தரைவழியோ இரண்டே பாலம். சிங்கப்பூரின் ஏற்பாடு நியாயமானது என்று சொல்ல வரவில்லை. ஏஜென்ட் கடன் அங்கேயும் கழுத்தை நெரிக்கிறது. முதலாளியின் பையைத் தொடும் பகுதியை விட்டுவிட்டு, பிரம்பை மட்டும் கண்டு மயங்குவது தவறு என்பதே சொல்ல வந்தது.

இஷ்டப்படி முதலாளி மாறலாம் என்றால், செலவழித்துக் கூட்டி வந்தவர் கதி என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டிய லெவியை மீதி மாதங்களுக்கு ஏற்ப அடுத்த முதலாளியிடமிருந்து வாங்கிக்கொள்ள விதி செய்துவிட்டால் தீர்ந்தது. ஒழுங்காகச் சம்பளம் தருபவரிடமிருந்து ஆட்கள் கூட்டமாக ஓடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரரின் கூலி குறைகிறது என்ற இன்னொரு வாதம் உண்மையில் இந்தப் பக்கத்துக்குத்தான் பலம். புகார் கொடுக்க முடியாதவரைவிட மலிவான ஆள் கிடையாது. உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை அழுத்துவது அந்த மலிவுதான். ஆகவே மலேசியா செய்ய வேண்டிய வேலை ஒன்றும் புதிரல்ல. பாஸைப் புதுப்பிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கும் கொடுப்பது, வேலை போனால் வேறு வேலை தேட இரண்டு மூன்று மாதம் அவகாசம், கூடுதலாகத் தங்கிய நாளுக்கேற்ற அபராதம், காலாவதிக்குக் காரணமான முதலாளிக்குத் தானாக விழும் தொகை. சிறையும் பிரம்பும் ஆள் கடத்துகிறவனுக்கு இருக்கட்டும். பிரம்பு அவனுக்கும் வேண்டுமா என்பது தனி விவாதம்.

இந்தக் கணக்கில் சேராத இன்னொரு கூட்டமும் உண்டு. ஐ.நா. அகதி ஆணையத்தின் அட்டை வைத்திருப்போர் மலேசியாவில் சுமார் இரண்டு லட்சம் பேர். பெரும்பாலோர் மியான்மர்காரர்கள், இலங்கைத் தமிழர்களும் சிலர் உண்டு. மலேசியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாததால் சட்டத்தின் கண்ணில் இவர்களும் அனுமதியற்றவர்களே. ஊர் திரும்பும் டிக்கெட் எடுக்கச் சொல்லும் திட்டம் இவர்களுக்குப் பயன்படாது.

இனி வாசகர் கடிதங்களின் மீதிக் கேள்விகள்.

பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறதா? கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்கிறாரா? கொடுக்காதீர்கள், குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு நேரில் போனால் போதும்.

பெண்களுக்குப் பிரம்படி உண்டா? இல்லை, இந்தக் குற்றத்துக்கு 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் இல்லை.

குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு 500 ரிங்கிட் திட்டம் பொருந்துமா? பொருந்தாது.

விசா இல்லாமல் 30 நாள் போகலாம் என்கிறார்களே, போய் வேலை தேடிக்கொள்ளலாமா? 2023 டிசம்பரில் வந்த அந்தச் சலுகை சுற்றுலாவுக்கு. முதல் நாள் வேலையே நிபந்தனை மீறல்.

அடுத்த திட்டம் வரும்வரை இருந்துவிடலாமா? வரலாறு ‘வரும்’ என்கிறது. ஆனால் அது வருவதற்குள் பிடிபட்டால், காலம் கடந்து தங்கியவருக்கு அபராதக் கணக்கு 10,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்கும்.