வடபுல நீர்ப்பறவைக் கணக்கு

ஓரிடத்தும் நில்லாது பறந்து திரியும் பறவைகளை எண்ணுதல் கூடுமோவென்று ஐயுறுவார் பலர். ஆயினும், வட அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டு முதலாகக் காட்டு வாத்துக்கள் இளவேனிற்காலந்தோறும் முறையாக எண்ணப்பட்டு வருகின்றன. அஃது எங்ஙனம் நிகழ்கின்றதென்பதையும், அதனால் விளையும் பயன் யாதென்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கனடா நாட்டின் தென்பாகத்துப் புல்வெளிகளிலும், அவற்றையடுத்த ஐக்கிய அமெரிக்க நாட்டின் டக்கோட்டா முதலிய மாகாணங்களிலும் எண்ணிறந்த சிறு குட்டைகள் உள. பண்டு அந்நிலத்தை மூடிக்கிடந்த பெரும் பனிப்படலம் உருகி அகன்றபோது விட்டுச்சென்ற பள்ளங்களே இவை. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த வாத்துக்கள், பனி கரைந்து குட்டைகள் நிறையுங்காலத்துத் திரண்டுவந்து முட்டையிடும். மழை பொய்ப்பின் குட்டைகள் வறளும். குட்டைகள் வறளின் குஞ்சுகள் அருகும். 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் நேர்ந்த கொடிய வறட்சியால் வாத்தினம் பெரிதும் குன்றியது. காக்கவேண்டுவதன் தொகையை அறியாது காத்தல் அரிதென்பதை அவ்வறட்சி யாவர்க்கும் உணர்த்திற்று.

புல்வெளி தொடங்கி அலாஸ்கா வரை பரந்த இப்பிரதேசம் ஏறக்குறைய 13 லட்சம் சதுர மைல் கொண்டது. இதனை முற்றும் தேடுதல் இயலாது. ஆதலின், நிலப்படத்தில் நேர்கோடுகள் வகுத்து, மே மாதத்தில் அக்கோடுகளின் வழியே சிறு விமானங்களைச் செலுத்துவர். விமானம் நிலத்தினின்று சுமார் 150 அடி உயரத்திலேயே பறக்கும். ஓட்டுபவரும் உயிர்நூல் வல்லுநரே. அவர் தம் பக்கத்தும், உடனிருப்பவர் மறு பக்கத்தும் அரைக்கால் மைல் அகலத்துள் காணும் வாத்துக்களை எண்ணுவர். குட்டைகளும் உடன் எண்ணப்படும். ஆண்டுதோறும் அதே கோடுகளிற் பறத்தலால் ஓராண்டின் கணக்கை மற்றோராண்டினதோடு ஒப்பிடல் இயலும்.

வானினின்று நோக்குவார்க்கு எல்லாப் பறவையும் புலப்படுமோ? படா. ஆகவே, சில பகுதிகளில் வேறொரு குழுவினர் கால்நடையாகச் சென்று குட்டைகளை நுணுகி ஆராய்வர். சான்றாக, விமானத்தார் 40 கண்டவிடத்து நடந்துசென்றார் 80 கண்டனராயின், அத்தகைய இடங்களில் வானிற் கண்ட தொகையை இருமடங்காக்க வேண்டுமென்பது பெறப்படும். மேலும், தனித்து நீந்தும் ஆண் வாத்தைக் காணின் அதனை ஓரிணையாகவே கொள்வர். அதன் பேடை புற்களிடையே மறைந்து அடைகாக்கும் என்பது கருத்து.

இத்தொகையைக் கொண்டே வேட்டைக்குரிய நாட்களையும், ஒருவர் சுடத்தக்க பறவைகளின் அளவையும் அரசாங்கத்தார் வரையறுக்கின்றனர். கணக்கு மிகுமாயின் இனம் தாங்கொணா அளவிற் பறவைகள் மடியும். குறையுமாயின் வேட்டுவர் காரணமின்றித் தடுக்கப்படுவர்.

பிறிதொரு பயனும் உண்டு. 1990-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் நன்மழை பெய்து குட்டைகள் நிறைந்தன. வாத்தினங்கள் பல பெருகின. ஊசிவால் வாத்து மட்டும் அங்ஙனம் பெருகவில்லை. குட்டைகளையும் எண்ணியிருந்தமையால், வறட்சியொன்றே காரணமன்று என்பது தெளிவாயிற்று. இவ்வாத்து அறுவடை செய்த வயலின் தாள்களிடையே கூடு அமைப்பது. முன்னர்த் தரிசாக விடப்பட்ட நிலங்கள் ஆண்டுதோறும் பயிரிடப்படலாயின; உழுபடை முட்டைகளை அழித்தது. 1956-இல் ஒரு கோடியளவு இருந்த இவ்வினம், 2022-இல் 18 லட்சத்திற்கும் குறைந்தது.

2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் பெருந்தொற்றினால் விமானங்கள் பறக்கவில்லை. அவ்விடைவெளியை இனி எவராலும் நிரப்பவொண்ணாது. சென்ற ஆண்டின் பறவையைப் பின்னர் எண்ணுவார் யார்?

இதே ஊசிவால் இனம் வட ஆசியாவினின்று குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கும் வருவது. மாணவர் ஏதேனும் ஓர் ஏரிக்கரையிற் காலையில் நின்று, கண்டதை நாளும் ஆண்டும் குறித்து எழுதி வைப்பாராயின், அச்சிறு ஏடும் பிற்காலத்தார்க்குப் பெருந்துணையாகும்.