குழந்தை சாட்சியும் கேள்வி கேட்கும் முறையும்

ஐந்தாறு வயதுக் குழந்தையின் சாட்சியம் கோர்ட்டில் எடுபடுமா என்று அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். எடுபடும். கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். எட்டு வயதுச் சிறுமி சத்தியப் பிரமாணம் இல்லாமல் அளித்த சாட்சியத்தை 1951-லேயே சுப்ரீம் கோர்ட் ஏற்றது.

சிக்கல் குழந்தையிடம் இல்லை, கேட்பவரிடம்தான். "அந்த மாமா தொட்டாரா?" என்றால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதையே நாலு பேர் மாற்றி மாற்றிக் கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று பயந்து குழந்தை வேறு சொல்லும். கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983-ல் கிளம்பி 1990-ல் முடிந்தது. பதிலை ஊட்டும் கேள்விகளால் குழந்தைகளின் பேச்சே நம்பகம் இழந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஆனால் ஒருவர் தீர்ப்புக்கு முன்பே ஐந்தாண்டுகள் சிறையில் கிடந்தார்.

ரயில்வே விபத்து விசாரணையில் டிரைவரிடம் "சிக்னல் சிவப்புதானே?" என்று நாங்கள் கேட்கமாட்டோம், "என்ன பார்த்தீர்?" என்போம். இங்கும் அதேதான். "என்ன நடந்தது, சொல்லும்மா", பிறகு "அப்புறம்?". "தெரியாது" என்று சொல்லலாம் என்பதையும் முதலிலேயே குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும்.

குழந்தை குற்றவாளியின் முகத்தைப் பார்க்காதபடி திரை வேண்டும், குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் தரவேண்டும் என்று 2004-ல் 'சாக்ஷி' வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. 2012-ல் வந்த போக்ஸோ சட்டப்படி வக்கீல் குழந்தையை நேரே கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். வாக்குமூலம் வாங்கும் போலீஸார் சீருடையில் வரக்கூடாது, வீட்டிலேயே வாங்கலாம். அதே ஆண்டு, நம் மயூர் விஹாருக்குப் பக்கத்தில் கர்கர்டூமா கோர்ட்டில், இத்தகைய சாட்சிகளுக்கென்றே தனி வளாகம் திறந்தார்கள். நாட்டிலேயே அதுதான் முதல். மற்ற மாநிலங்களிலும் அமைக்கும்படி 2022-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பத்து வருஷம் தாமதம்!

வீட்டில் குழந்தை ஏதேனும் சொன்னால் பெற்றோர் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதிக்கொண்டு போலீஸுக்கோ 1098-க்கோ தெரிவியுங்கள். தில்லியில் நமக்கு இன்னொன்றும் உண்டு. குழந்தைக்கு இந்தி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது, தைரியமாகக் கேளுங்கள். வந்தவர், குழந்தை சொல்லும் வீட்டுச் சொல்லை நாசூக்காக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.