போன காசு திரும்பி வருமா?



'கையிலே காசு, வாயிலே தோசை' என்பது நம் பெரியவர்கள் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லி வைத்த வழக்கு. பொருளைக் கண்ணால் பார்த்து, காசைக் கையால் கொடுத்து, அங்கேயே கணக்கை முடித்துக்கொண்ட காலம் அது. தோட்டத்து லயங்களுக்குச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்த துணி வியாபாரிகூட, சாயம் போகிற சேலையைத் தலையில் கட்டிவிட்டு ஓடிவிட முடியாது. அடுத்த சம்பளத்துக்கு மீதித் தவணையை வாங்க அவர் அதே படியேறித்தானே ஆக வேண்டும்! அவர் முகம் நமக்குத் தெரியும். நம் முகம் அவருக்குத் தெரியும். பாதி நியாயத்தை அந்த முகப் பழக்கமே பார்த்துக்கொண்டது.

இன்று கைப்பேசி வழியாக விற்கும் வியாபாரிக்கு முகம் கிடையாது. ஒரு படம், ஒரு விலை, ஒரு வங்கிக் கணக்கு எண், அவ்வளவுதான். பெரும்பாலோர் நேர்மையாகத்தான் விற்கிறார்கள். ஆனால் நேர்மையில்லாத ஒருவரிடம் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? காசைத் திரும்ப வாங்க வழி உண்டா? உண்டு. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆறாம் படிவம் படிக்கும் மகளுக்காக ஒரு குடும்பம் இணையத்தில் 780 வெள்ளிக்கு மடிக்கணினி வாங்குகிறது என்று வையுங்கள். 2025இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதை 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அப்படியானால் 780 வெள்ளி என்பது பன்னிரண்டு நாள் உழைப்பு. பன்னிரண்டு நாள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், செம்பனைக் குலை வெட்டி, உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த காசு. பெட்டியைப் பிரித்தால் திரையில் விரிசல். 'புது பேட்டரி' என்றார்கள். அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. விற்றவரைக் கேட்டால் முதலில் 'அடுத்த வாரம்' என்கிறார். பிறகு 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார். அப்புறம் பதிலே இல்லை.

'போனது போகட்டும், நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்' என்று பெருமூச்சு விட்டு நாம் ஒதுங்கிவிடுகிறோம். அந்தப் பெருமூச்சை நம்பித்தான் அவர் வியாபாரமே நடத்துகிறார்! சட்டம் நம் பக்கம் இல்லாததால் போகும் காசு கொஞ்சம். கேட்காததால், அல்லது காலம் கடந்து கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் கேட்பதால் போகும் காசுதான் அதிகம்.

வியாபாரியா, திருடனா?

முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது இதுதான். உங்களிடம் விற்றவர் ஏமாற்றுகிற வியாபாரியா, அல்லது வியாபாரி வேடம் போட்ட திருடனா? இரண்டுக்கும் வழி வேறு வேறு.

பெயர், முகவரி, பதிவு எண் எல்லாம் உள்ள கடை. ஆனால் கெட்டுப்போன பொருளையோ சொன்னதற்கு மாறான பொருளையோ அனுப்பிவிட்டுக் காசைத் தர மறுக்கிறது. இவர் வியாபாரி. இவரைப் பிடித்து நிறுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பணம் போய்ச் சேர்ந்தவுடன் கைப்பேசி எண் அடைக்கப்பட்டது. கடைப் பக்கமே மறைந்துவிட்டது. பணம் போன கணக்கோ கடையின் பெயரில் இல்லாமல் யாரோ ஒரு தனி மனிதர் பெயரில் இருக்கிறது. இவர் திருடன். இவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது வீண்.

திருடன் என்றால் நிமிடக் கணக்கு

திருடிய பணம் ஒரே கணக்கில் தூங்கிக்கொண்டிருக்காது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும். அது கைமாறும் முன்னே தடுத்தால்தான் உண்டு. ஆகவே, ஏமாந்தது தெரிந்த உடனே உங்கள் வங்கியின் அவசர எண்ணை அழையுங்கள். அல்லது 997 என்ற எண்ணை அழையுங்கள். இது 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். போலீசும் பேங்க் நெகாராவும் மற்ற இலாகாக்களும் சேர்ந்து நடத்தும் மையம் அது.

பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். எந்தப் போலீஸ் நிலையத்திலும் செய்யலாம். வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்து வைக்கிற பிள்ளைகளும் பெண்களும் நம்மிடையே உண்டு. அந்த இரண்டு நாளில்தான் பணம் கை நழுவிப் போகிறது. ஆகையால் வீட்டில் பெரியவர்களாக இருப்பவர்களே, ஏமாந்து வந்தவரை முதலில் திட்டாதீர்கள். முதலில் தொலைபேசியை எடுங்கள்.

பணம் அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 'செமாக் மியூல்' என்ற போலீஸ் இணையப் பக்கத்தில் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ போட்டுப் பார்த்தால், அதன்மேல் ஏற்கனவே புகார் இருக்கிறதா என்று தெரியும். காசு செலவில்லை. ஆனால் புகார் இல்லை என்று வந்துவிட்டதால் மட்டும் அவர் உத்தமர் என்று ஆகிவிடாது.

வியாபாரி என்றால் காகிதக் கணக்கு

கெட்ட பொருளை அனுப்பிய வியாபாரியிடம் ஆத்திரம் பலிக்காது, ஆதாரம்தான் பலிக்கும். முகநூலில் அவரைத் தாறுமாறாகத் திட்டி எழுதினால், அவர் உங்கள்மேல் வழக்குப் போட நீங்களே வழி திறந்து விடுகிறீர்கள். அதற்குப் பதிலாக இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

* பொருளை விற்ற விளம்பரத்தின் படம். விலையும், பொருளைப் பற்றி அவர் எழுதியிருந்த வார்த்தைகளும் தெரிய வேண்டும். அவர் அதை அழித்துவிடுவதற்கு முன்னே கைப்பேசியில் பிடித்து வையுங்கள்.
* பணம் கட்டிய வங்கி ரசீது.
* வாட்சாப்பில் பேசியது அனைத்தும். கோபத்தில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள்.
* பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ. முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, பொருள் வெளியே வரும்வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். தோட்டத்து ஆபீசிலோ காவல் கொட்டகையிலோ பொட்டலத்தை வாங்கினாலும் வீட்டுக்குக் கொண்டு வந்து இப்படிப் பிரியுங்கள்.

பொருள் கெட்டிருக்கிறது என்று உடனே பட்டணத்துக் கடையில் கொடுத்துப் பழுது பார்க்காதீர்கள். 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று சொல்ல விற்றவருக்கு அதுவே சாக்காகிவிடும்.

பெரிய இணையச் சந்தைகளில் வாங்கினால், 'பொருளைப் பெற்றுக்கொண்டேன்' என்று நீங்கள் அழுத்தும்வரையிலோ, குறித்த நாள் முடியும்வரையிலோ அந்தச் சந்தை காசைப் பிடித்து வைத்திருக்கும். பொருளைச் சோதிக்காமல் அந்தப் பொத்தானை அழுத்தக்கூடாது. 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று விற்பவர் இழுப்பது பல நேரங்களில் அந்தக் கெடு தாண்டட்டும் என்பதற்காகத்தான். அவரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தாலும், கெடுவுக்குள் சந்தையிலேயே புகாரைப் பதிந்துவிடுங்கள். 'சந்தைக்கு வெளியே வாருங்கள், நேராக வங்கியில் போட்டால் இருபது வெள்ளி குறைவு' என்று கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். பிடித்து வைக்க ஆளில்லாத காசு அது.

அடுத்து, விற்றவருக்கு எழுத்து மூலம் ஒரு கோரிக்கை அனுப்புங்கள். என்ன தேதியில், என்ன பொருளை, எவ்வளவுக்கு வாங்கினேன். அதில் என்ன குறை. எனக்கு என்ன வேண்டும். எந்தத் தேதிக்குள் வேண்டும். இந்த நான்கு விஷயம் போதும். இரண்டு வாரம் கெடு வைப்பது நியாயமானது.

'திரும்பப் பெறப்படாது' என்று எழுதிவிட்டால்?

பலரை வாயடைக்க வைக்கும் வாக்கியம் இதுதான். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். எதற்காக வாங்கினோமோ அதற்குப் பயன்பட வேண்டும். வியாபாரி தம் ரசீதில் எதை அச்சடித்தாலும் இந்தக் கடமையிலிருந்து அவர் நழுவ முடியாது. திருத்த முடிந்த குறையென்றால், திருத்தித் தர அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவர் செய்யாவிட்டாலோ, குறையே பெரிதாக இருந்தாலோ, பொருளை வேண்டாம் என்று திருப்பிவிட்டுக் காசைக் கேட்கலாம். இச்சட்டம் இணைய வியாபாரத்தையும் சேர்த்துக்கொண்டது 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில்.

இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதியும் 2013 முதல் வந்தது. இவற்றை மறைக்கிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. ஏனென்றால், நாளைக்கு வழக்கென்று வந்தால் அந்தப் பெயரும் முகவரியும்தான் உங்களுக்கு வேண்டும்.

ஒன்றையும் மறந்துவிடக்கூடாது. 'நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது' என்பதற்கு இந்தச் சட்டம் காசு வாங்கித் தராது. குறை பொருளில் இருக்க வேண்டும்.

ஐந்து வெள்ளிக் கதவு

கெடு முடிந்தும் காசு வரவில்லையா? அடுத்த இடம் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மலாயில் 'திரிபூனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா' என்று கேட்டால் காட்டுவார்கள். மேலே சொன்ன 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் இது. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையே விசாரித்தது. 2019 திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை விசாரிக்கிறது.

கோர்ட் என்றதும் வக்கீல் செலவை நினைத்து நாம் பயப்படுகிறோம். இங்கே வக்கீல் வேண்டியதில்லை, வைத்துக்கொள்ளவும் விடமாட்டார்கள். வியாபாரியும் வக்கீல் இல்லாமல்தான் வர வேண்டும். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி! முதலாம் படிவத்தை நிரப்பி, ஆதாரங்களின் நகலை இணைத்து, மன்றத்தின் அலுவலகத்திலோ அதன் இணையப் பக்கத்திலோ பதியலாம். மலாயில் எழுதத் தெரிந்த பிள்ளையை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உரிமை பிறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும்.

மனுவின் நகல் கிடைத்த 14 நாளுக்குள் வியாபாரி பதில் தர வேண்டும். விசாரணை நாளில் முதலில் இருவரையும் சமாதானமாகப் போகச் சொல்லிப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் விசாரித்துத் தீர்ப்பளிப்பார்கள். வியாபாரி வராவிட்டாலும் உங்கள் பக்கம் தீர்ப்பு ஆகலாம். ஆனால் நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடலாம். ஆகவே தேதி தெரிந்ததும் கிராணியிடம் சொல்லி, அன்றைக்கு லீவு வாங்கி வைத்துவிடுங்கள். மூல ரசீதுகளையும், முடிந்தால் அந்தப் பொருளையும் கையோடு கொண்டு போங்கள்.

தீர்ப்பைக் கேட்டும் காசு தராத வியாபாரி தப்பிவிட முடியாது. 14 நாளுக்குள் தீர்ப்பை நிறைவேற்றாதது குற்றம். அபராதமோ சிறையோ உண்டு. அதற்குமேல் அமைச்சின் அமலாக்க அதிகாரிகளிடம் போக வேண்டும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் எந்தக் கிளையிலும் கேளுங்கள். 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் நம்மைப் போன்றவர்களின் புகாரைக் கேட்டு வழிகாட்டுகின்றன.

காசு தரக் காசு கேட்பவர்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஒரு முறை ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது திருடன் வருவான். 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் 50 வெள்ளி கட்டுங்கள்' என்பான். அல்லது 'பணம் திரும்பி வர, உங்கள் கைப்பேசிக்கு வரும் ஆறு எண்ணைச் சொல்லுங்கள்' என்பான். காசைத் திருப்பித் தர யாரும் உங்கள் ரகசிய எண்ணைக் கேட்க வேண்டியதில்லை. அந்த எண்ணைச் சொன்னால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

எல்லாக் காசும் திரும்பி வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. திருடன் கொண்டு போனது பலருக்கு வராமலே போயிருக்கிறது. ஆனால் பெயரும் முகவரியும் உள்ள வியாபாரி உங்கள் பன்னிரண்டு நாள் உழைப்பைச் சும்மா வைத்துக்கொள்ள இந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆகவே, அன்பர்களே, சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்! உங்கள் வரிசையில் யாராவது இப்படி ஏமாந்து வாய்மூடி இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு உங்கள் பிள்ளையை அனுப்பி நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.